கோலி சோடா பாட்டிலுக்கு வயது சொல்ல முடியுமா?

ஜூன் 4, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

தாத்தா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு கோலி சோடா பாட்டில் கிடைத்தது. இளம்பச்சை. கண்ணாடிக்குள் சின்னச் சின்னக் குமிழ்கள். பக்கவாட்டில் ஓடும் அச்சுக்கோடு (அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் விழும் கோடு) வாய் வரைக்கும் போகவில்லை, கழுத்திலேயே நின்றுவிடுகிறது. இப்படிக் கோடு நின்றால் 1910க்கு முந்தையது என்று இணையத்தில் படித்தேன். பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் காட்டினேன். கடைக்காரரும் ‘வெள்ளைக்காரன் காலம்’ என்றார். அப்படியென்றால் நூறு வயதுக்கு மேல்தானே?

ஜூன் 4, இரவு

நீங்கள் சொன்ன மூன்று அடையாளங்களை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பாட்டிலில் எழுத்து ஏதாவது இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள்.

1910 கணக்கு அமெரிக்காவில் பிறந்த கணக்கு. அங்கே மைக்கேல் ஓவன்ஸ் என்பவர் 1903 வாக்கில் தானாக பாட்டில் செய்யும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் பாட்டிலின் உடம்பை அச்சுக்குள் ஊதிவிட்டு, வாயை மட்டும் தனியாகச் சூடாக்கி, கருவியால் சுழற்றி முடிப்பார்கள். சுழற்றும்போது வாய்ப்பகுதியில் இருக்கும் அச்சுக்கோடு அழிந்துவிடும். இயந்திரத்தில் வாயும் அச்சுக்குள்ளேயே உருவாவதால் கோடு வாய் விளிம்பைத் தாண்டிப் போகும். அங்கே இயந்திரம் வேகமாகப் பரவியது, அதனால் ‘கோடு நின்றால் பழசு’ என்பது அமெரிக்க பாட்டிலுக்கு ஓரளவு சரி. நம் ஊரில் அந்த இயந்திரம் எல்லாப் பட்டறைக்கும் வந்துவிடவில்லை. கையால் வாய் முடிப்பது இங்கே ரொம்ப காலம் தொடர்ந்தது.

ஜூன் 5

நேற்று பாதியில் விட்டேன். கோலி பாட்டில் விஷயத்தில் அந்த விதி பலிக்கவே பலிக்காது. அதற்குக் காரணம் பாட்டிலின் அமைப்பிலேயே இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கினார். கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயின் உட்புறம் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாக வைத்து கேஸ் ஏற்றினால் கோலி வாய்க்கு வந்துவிடும். நிமிர்த்திய பிறகு உள்ளே இருக்கும் அழுத்தமே அதை ரப்பரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கார்க் வேண்டாம், கம்பி வேண்டாம். காட் வியாபாரத்திலும் கெட்டிக்காரர். பாட்டில் செய்யும் உரிமையை மற்றக் கண்ணாடித் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்துவிட்டு, கோலியையும் ரப்பரையும் பள்ளம் போடும் கருவியையும் தன்னிடமே வாங்க வைத்தார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கோலி வாயைவிடப் பெரியது. முடிந்துபோன பாட்டிலுக்குள் அதைப் போட வழியில்லை. அதனால் உடம்பைச் செய்து, கோலியை உள்ளே போட்டு, அதற்கப்புறம்தான் வாயைச் சூடாக்கிச் சுருக்கி, உள்ளே பள்ளம் எடுக்க வேண்டும். அந்த வேலையில் வாய்ப்பக்கத்துக் கோடு அழிந்தே தீரும். 1880இல் யார்க்‌ஷயரில் செய்தாலும் சரி, 1980இல் உத்தரப் பிரதேசத்தில் செய்தாலும் சரி, கோடு கழுத்தோடு நிற்கும்.

ஜப்பானிலும் இதே பாட்டில்தான். 1884இல் கோபே நகரில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கி வைத்த ‘ராமுனே’ பானம் இன்றும் கோலி பாட்டிலில் வருகிறது. இப்போது வரும் பலவற்றில் வாய் மூடி பிளாஸ்டிக்.

ஜூன் 5, பிற்பகல்

‘கோடு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அவ்வளவு புதுசு’ என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். நிறைய பேர் பகிர்ந்த படம்தான். கோடு தோளில் நின்றால் 1860, கழுத்தில் நின்றால் 1880 என்றெல்லாம் அளவுகோல் போட்டிருப்பார்கள். கோடு எங்கே நிற்கும் என்பது வேலைக்காரர் வாயை எவ்வளவு தூரம் சூடாக்கித் தேய்த்தார் என்பதைப் பொறுத்தது. ஒரே நாளில் செய்த இரண்டு பாட்டிலில்கூட வேறுபடும். பாட்டில் ஆராய்ச்சி செய்பவர்கள் இந்த அளவுகோலை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

ஜூன் 7

நிறத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

இளம்பச்சை என்பது மணலில் இருக்கும் இரும்பின் நிறம். அதை எடுக்க மெனக்கெடாவிட்டால் எந்தக் காலத்திலும் அந்த நிறம்தான் வரும். சோடா பாட்டிலுக்கு யார் மெனக்கெடப் போகிறார்கள்? குமிழும் அப்படித்தான். உருகிய கண்ணாடி நன்றாகத் தெளிவதற்கு முன்னால் எடுத்து ஊதினால் குமிழ் நிற்கும். விறகும் நிலக்கரியும் மிச்சம் பிடிக்க நினைத்த எல்லாப் பட்டறையிலும் நின்றிருக்கிறது.

காலம் சொல்லும் நிறம் ஒன்று உண்டு. ஆனால் அது நிறமில்லாத கண்ணாடியில்தான். பச்சையைப் போக்க ஒரு காலத்தில் மாங்கனீஸ் சேர்த்தார்கள். அந்தக் கண்ணாடி வருடக்கணக்கில் வெயில் பட்டால் மெல்லிய ஊதாவாக மாறும். முதல் உலகப் போர் வாக்கில் பெரும்பாலோர் செலீனியத்துக்கு மாறிவிட்டார்கள். அது வெயிலில் வைக்கோல் நிறம் காட்டும். ஆக, லேசான ஊதா என்றால் பெரும்பாலும் 1910களுக்கு முன்பின். ‘லேசான’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நாவல்பழ நிறத்தில் பளிச்சென்று இருக்கும் ‘பழைய ஊதா’ பாட்டில்கள் விற்பனைக்கு வருகின்றன. கதிர்வீச்சு காட்டி சில மணி நேரத்தில் மாற்றிய சரக்கு அது. வெயில் அந்த அடர்த்தியைக் கொடுக்காது.

ஜூன் 8

டார்ச் அடித்துக் கண்ணாடியின் வயது பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் போதும். பளீரென்று பச்சையாக ஒளிர்ந்தால் யுரேனியம் கலந்த கண்ணாடி. மங்கலாக, சோம்பலாகப் பச்சை காட்டினால் மாங்கனீஸாக இருக்கலாம். ஒளிர்வது பழமைக்குச் சான்று ஆகாது. பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) யோசெஃப் ரீடல் 1830களில் யுரேனியக் கண்ணாடி செய்து மனைவி ஆன்னாவின் பெயரை வைத்தார். இன்றைக்கும் செய்து விற்கிறார்கள். கோலி பாட்டிலில் அடித்துப் பார்த்து பேட்டரியை வீணாக்க வேண்டாம்.

ஜூன் 11

கேட்டவர் இன்னும் எழுத்து என்ன என்று சொல்லவில்லை. அதுவரை பொதுவாகச் சொல்கிறேன். நம் ஊர் பாட்டிலுக்கு வயது பார்க்கக் கண்ணாடியைவிட எழுத்துதான் உதவும்.

என் சித்தப்பா சோடா கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு தொட்டி, கையால் சுற்றும் மிஷின், ஒரு சிலிண்டர். பாட்டில்களை மிஷினில் அடுக்கி, கேஸைத் திறந்து, சக்கரத்தைச் சுற்ற வேண்டும். சுற்றும்போது கோலிகள் உருண்டு வாய்க்கு வந்து அடைக்கும் சத்தம் வரிசையாகக் கேட்கும். நடுவில் ஒன்று ‘டப்’ என்று வெடிக்கும். அதற்காகவே முன்பக்கம் கம்பி வலை. நான் பள்ளி விடுமுறையில் வாஷர் மாட்டுகிற வேலை பார்த்தேன். வாய்க்குள் சுண்டுவிரலை விட்டு ரப்பரைப் பள்ளத்தில் உட்கார வைப்பது. இரண்டு நாளில் விரல் நுனி தோலுரிந்துவிடும். அப்போது என் கண்ணுக்கு நேராக இருந்தது பாட்டிலின் தோள்பட்டை எழுத்துதான். பாதிக்கு மேல் சித்தப்பா கம்பெனி பெயர் இருக்காது. மூடிப்போன கம்பெனிகளிடம் மொத்தமாக வாங்கி வருவார். ஒரே பெட்டியில் நாலு ஊர் பெயர் கிடக்கும். பாட்டில் கிடைத்த ஊரை வைத்து அது எந்த ஊருடையது என்று சொல்லாதீர்கள்.

எழுத்தில் என்ன பார்ப்பது? அளவு முதலில். அவுன்ஸ் போட்டிருந்தால் பெரும்பாலும் 1960களின் தொடக்கத்துக்கு முன்பு. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956இல் வந்து, அடுத்த சில வருடங்களில் கட்டாயம் ஆனது. மில்லி லிட்டர் என்றால் அதற்குப் பின்பு. காகித லேபிள் மிஞ்சியிருந்து விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலை ஒட்டியோ அதற்கு முன்போ. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்கு முன்னால் இருக்க வழியில்லை. ‘சிலோன்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1972க்கு முன்பு.

தமிழில் எழுத்து இருந்தால் அதிர்ஷ்டம். பழைய முறையில் யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு வைத்த ‘லை’, ‘னை’, ‘ணை’, சுழித்த ‘றா’, ‘னா’, ‘ணா’ இருக்கிறதா பாருங்கள். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. ‘சென்னை’ என்பதில் தும்பிக்கை இல்லாவிட்டால் பாட்டில் 1978க்குப் பின்பு.

ஜூன் 11, அரை மணி நேரம் கழித்து

மேலே எழுதிய கடைசி வரிக்கு ஒரு பின்குறிப்பு வேண்டும். பெரியார் 1935இலேயே தன் பத்திரிகையில் சீர்திருத்த எழுத்தைப் புழக்கத்தில் விட்டுவிட்டார். சோடா கம்பெனி முதலாளி கறுப்புச் சட்டைக்காரராக இருந்திருந்தால் அவருடைய பாட்டில் 1978க்குக் காத்திருந்திருக்காது. எதிர்ப்பக்கமும் உண்டு. அச்சு வெட்டுகிறவர் பழகிய கையால் 1985 வரைக்கும் தும்பிக்கை போட்டிருப்பார். எனவே எழுத்து ஒரு சாட்சி, தீர்ப்பு அல்ல.

ஜூன் 12

‘மெட்ராஸ்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1996க்கு முன்பா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். ஊர்ப்பெயர் அதிகாரப்பூர்வமாக மாறிய வருடம் அது, சரி. ஆனால் அச்சு இரும்பு. பெயர் மாறியதற்காகப் புது அச்சு வெட்ட யாரும் பணம் செலவழிக்க மாட்டார்கள். ‘இதற்கு முன்பு இல்லை’ என்பதை எழுத்து உறுதியாகச் சொல்லும். ‘இதற்குப் பின்பு இல்லை’ என்பதைத் தயங்கித்தான் சொல்லும். வயது பார்க்கும்போது இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 15

கடைசியில் படங்கள் வந்துவிட்டன. நாலு படம், அதில் மூன்றில் விரல்தான் தெரிகிறது. பரவாயில்லை.

தோளைச் சுற்றி ஆங்கிலப் புடைப்பெழுத்து. கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன். அதற்குக் கீழே ஊர், அப்புறம் ‘ராம்நாட்’ என்று மாவட்டப் பெயர். விவகாரம் இங்கேயே முடிந்துவிட்டது. ராமநாதபுரம் மாவட்டம் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பிரித்து 1910இல்தான் உருவாக்கப்பட்டது. அதற்கு முன்னால் எந்த பாட்டிலிலும் மாவட்டமாக அந்தப் பெயர் வராது. இணையத்தில் படித்த ‘1910க்கு முந்தையது’ போய்விட்டது. 1985இல் அதே மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. இந்த ஊர் இப்போது சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. ஆக முதல் வேலி 1910, பெரும்பாலும் கடைசி வேலி 1985.

உள்ளே வருவோம். அளவே எழுதவில்லை, மில்லி லிட்டரும் இல்லை. புடைப்பெழுத்தின் ஓரங்கள் மழுங்கி, ‘ஏ’ எழுத்தின் குறுக்குக் கோடு தடவித்தான் தெரியும்போல இருக்கிறது. அடியைப் பார்த்தால் தரையில் படும் வளையத்தில் மட்டும் கீறல், அதுவும் திக்குத் திக்காக. பழசாகக் காட்ட உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருந்தால் கீறல் ஒரே திசையில் ஓடும், குழிவான நடுப்பகுதியிலும் இருக்கும். எனக்குப் பிடித்த படம் மூன்றாவது. பாட்டிலின் வயிறு அகன்ற இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சொரசொரப்புப் பட்டை, பனி படிந்த மாதிரி வெளுத்து. மரப்பெட்டியில் பக்கத்து பாட்டிலோடு உரசி உரசி வருவது அது. வருடக்கணக்கில் சைக்கிளிலும் வண்டியிலும் போய் வந்த பாட்டிலில்தான் அப்படி விழும். பரணில் தூங்கிய காலத்தை இதில் கணக்கு வைக்க முடியாது, உழைத்த காலம் மட்டும் தெரியும்.

என் கணிப்பு 1930களிலிருந்து 1960 வரை. இன்னும் குறுக்கச் சொன்னால் மறுப்பேன். கடைக்காரர் சொன்ன ‘வெள்ளைக்காரன் காலம்’ 1947 ஆகஸ்ட் 14 வரை செல்லும் என்பதால் அவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. அந்தத் தெருவில் அந்த வார்த்தைக்கு அவ்வளவு இழுவை உண்டு.

ஜூன் 16

‘கோடிக்கணக்கில் செய்திருப்பார்களே, ஏன் பழையது கிடைப்பதில்லை?’ நல்ல கேள்வி. ஒன்று, கோலிக்காகவே பையன்கள் பாட்டிலை உடைத்தார்கள், நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். இரண்டு, கேஸ் ஏற்றும்போதே வெடித்தது. மூன்று, ஊரில் தகராறு என்றால் முதலில் பறப்பது சோடா பாட்டில். கலவரம் வந்தால் சோடாக் கடையை முதலில் மூடச் சொல்வார்கள். நாலு, உடைந்த கண்ணாடிக்கு எடைக்கு விலை உண்டு, அது திரும்பவும் உலைக்குப் போய்விடும். அதனால் முழு பாட்டில், பழைய எழுத்தோடு, விளிம்பு சிதறாமல் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். பணக்காரர் ஆவீர்கள் என்று நான் சொல்லவில்லை.

ஜூன் 20

இழை சோடாவிலிருந்து விளக்குக்குப் போய்விட்டது, போகட்டும்.

செட்டிநாட்டு வீட்டு விளக்குக் கண்ணாடியைப் பற்றி எழுதியவர், வீடு 1890இல் கட்டியது, அதனால் விளக்கும் 1890 என்கிறார். வீட்டின் வயதைப் பொருளுக்குக் கொடுப்பது எல்லோரும் செய்வதுதான். கல்யாணத்துக்கு, புதுமனை புகுதலுக்கு, பர்மாவிலிருந்து திரும்பி வரும்போது என்று வீட்டுக்குள் பொருள் வந்துகொண்டே இருந்திருக்கும். என் அம்மா வழி உறவில் ஒரு வீட்டில் ‘பாட்டனார் காலத்து பெல்ஜியம்’ என்று காட்டிய தொங்குவிளக்கின் பித்தளை வளையத்துக்குள், கண்ணாடியின் உதட்டில், ‘மேட் இன் செக்கோஸ்லோவாகியா’ என்று பொடி எழுத்தில் இருந்தது. அந்த நாடே 1918இல்தான் பிறந்தது. வீட்டுக்காரர் அதற்கப்புறம் எனக்கு காபிகூடக் கொடுக்கவில்லை.

இங்கிலாந்துச் சரக்கில் வைர வடிவக் குறி இருந்தால் அந்த வடிவம் 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. மேல் முனையில் ரோமன் மூன்று இருந்தால் கண்ணாடிப் பிரிவு. 1884இலிருந்து வெறும் ‘ஆர்.டி.’ என்ற பதிவு எண், ஒன்றிலிருந்து தொடங்கும். 1890 தொடக்கத்தில் 1,41,000ஐத் தாண்டி, 1900 தொடக்கத்தில் 3,51,000ஐத் தாண்டியது. உங்கள் எண் 2,00,000ஐ ஒட்டி இருந்தால் 1890களின் முதல் பாதி. பதிவான வருடம் அது. விற்றுக்கொண்டிருந்தது அதற்கப்புறம் எத்தனை வருடமோ.

ஜூன் 21

‘யெரா’ கம்பெனி டம்ளரின் அடியில் இருக்கும் எண் வருடமா? இல்லை. அச்சின் எண். என் வீட்டில் 14 போட்டதும் 37 போட்டதும் ஒரே பெட்டியில் வந்தவை. அதை 1937 என்று விற்பவரிடம் 14ஐயும் கேட்டு வாங்குங்கள், 1914 கிடைக்கும்.

ஜூன் 24

ஆரஞ்சும் பொன்னும் கலந்து எண்ணெய் மிதக்கிற மாதிரி பளபளக்கும் டம்ளர் படம் போட்டவருக்கு. அந்தப் பளபளப்பு சூடான கண்ணாடி மேல் உலோக உப்பைத் தெளித்து வருவது. அமெரிக்காவில் ஃபென்டன் கம்பெனி 1907இல் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. அங்கே சேகரிப்பவர்கள் ‘கார்னிவல் கண்ணாடி’ என்பார்கள். அடியில் ‘ஜெயின்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஃபிரோசாபாத் சரக்கு. வளையல் செய்யும் அதே ஊர். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதைத் தேடிப் பிடித்து வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள், நம் ஆட்கள் பல்துலக்கும் பிரஷ் போட்டு வைத்திருக்கிறோம். பெயர் இல்லாவிட்டாலும் ஒதுக்க வேண்டாம். அச்சுக்கோட்டின் சந்திப்பு முரடாக, உள்விளிம்பு சீரில்லாமல் இருந்தால் இந்தியச் சரக்காக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தேங்காய் நார் போட்டுத் தேய்க்காதீர்கள், பளபளப்பு மேற்பரப்பில் மட்டும்தான்.

ஜூலை 2

புது கோலி பாட்டிலைப் பழசென்று விற்கும் விஷயம். உத்தரப் பிரதேசத்தின் சாஸ்னியில் இன்றும் கோலி பாட்டில் செய்கிறார்கள். குறையே இல்லாத நல்ல பாட்டில். அதை வாங்கி, செம்மண் தடவி, கொஞ்ச நாள் தோட்டத்தில் புதைத்து எடுத்தால் ‘பழசு’. மண்ணில் கிடந்த உண்மையான பழைய கண்ணாடியில் வானவில் நிறத்தில் ஒரு படலம் உரியும், அது கண்ணாடியே சிதைவதால் வருவது. ஒட்டிய மண் வென்னீரில் கரைந்துவிடும். கடையில் வென்னீர் கேட்க முடியாது என்றால் எச்சில் தொட்ட கட்டைவிரல் போதும். அப்புறம் தோளில் எழுத்தே இல்லாத பாட்டிலுக்கு எக்காரணம் கொண்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். எழுத்து இல்லையென்றால் வேலி போட இடமே இல்லை.

ஜூலை 3

கோலியை உடைக்காமல் வெளியே எடுக்க முடியுமா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். பழைய முழுக் கண்ணாடி பாட்டிலில் முடியாது. கழுவ வேண்டுமானால் கொஞ்சம் அரிசியும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். குலுக்க வேண்டாம், கோலி இடித்துக் கழுத்து விரியும். ஆசிட் வேண்டாம். ரப்பர் இறுகிக் கல்லாகியிருந்தால் அப்படியே விடுங்கள், தோண்டினால் விளிம்பு சிதறும்.